பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங்? ஃப்ளாட்வவுண்ட் முதல் டேப்வவுண்ட் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் வாசிப்பவர்கள் பிக்கப் மாற்றுகிறார்கள், பெடல் வாங்குகிறார்கள், ஆம்ப்பையே மாற்றுகிறார்கள். வாங்கும்போது மாட்டியிருந்த ஸ்ட்ரிங்கை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கைக்கும் காதுக்கும் உடனே தெரியும் மாற்றம் வேண்டுமென்றால் முதலில் தொட வேண்டியது ஸ்ட்ரிங்தான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பேச்சு வழக்கில் சொல்வதுபோல் சுருக்கமாக ஃப்ளாட், ரவுண்ட் என்றே எழுதுகிறேன்.

ஃப்ளாட்டுக்கும் ரவுண்டுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

எல்லா பேஸ் ஸ்ட்ரிங்கிலும் நடுவில் ஓர் எஃகுக் கம்பி ஓடும். அதன் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். உள்கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. மேல்சுற்று எடையைத் தருகிறது. வெறும் ஒற்றைக் கம்பியில் பேஸ் சுருதிக்கு இறங்கப் பார்த்தால் அது இரும்புக் கழிபோல் விறைத்து, ஒலிக்கவே செய்யாது. அதனால்தான் இந்தச் சுற்று வேலை.

அந்த மேல்சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். விரலால் தடவினால் வரிவரியாகத் தட்டுப்படும். மேல்சுற்று தட்டையான பட்டை வடிவத்தில் இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். பட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி உட்காருவதால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் இந்தப் பட்டைக்கு அடியில் உருண்டைக் கம்பிச் சுற்றும் ஒன்றோ இரண்டோ இருக்கும். வெளியில் தெரிவது மட்டும்தான் பட்டை.

ஒலியில் என்ன மாறுகிறது?

ரவுண்ட் பளிச்சென்று இருக்கும், ஃப்ளாட் மந்தமாக இருக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிரகாசத்தைவிட முக்கியமானது, ஒரு சுரம் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பது.

புது ரவுண்டில் மீட்டியவுடன் கணீரென்று ஓர் உலோக விளிம்பு கேட்கும். அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்கள் (ஓவர்டோன்) நிறைய இருக்கும், அவை நீண்ட நேரம் தங்கும். கார்வை நீளமானது. நான்கு துடிப்புக்கு ஒரு சுரத்தைப் பிடித்தால் அது கடைசிவரை தன் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதோடு விரல் ஸ்ட்ரிங் மேல் நகரும் கீச்சொலி, ஃப்ரெட்டில் படும் கிணுகிணுப்பு எல்லாம் சேர்ந்து வரும். சிலருக்கு அது தொல்லை, சிலருக்கு அதுதான் உயிர்.

ஃப்ளாட்டில் தொடக்கம் "தும்" என்று உருண்டு வரும். அடிப்படைச் சுரம் முன்னால் நிற்கும். மேல் சுரங்கள் சீக்கிரமே அடங்கிவிடும். சுரம் முழுதாக நிற்பதில்லை என்று பொருளில்லை; அதன் உலோகப் பகுதி முதலில் கரைகிறது, அடி நாதம் பிறகு கரைகிறது. இதனால் அடுத்த சுரத்துக்கு இடம் கிடைக்கிறது. கிக் டிரம்மோடு சேர்த்துக் கேட்டால் இரண்டும் ஒரே வாத்தியம்போல் பூட்டிக்கொள்ளும். ஃப்ளாட்டை விரும்புகிறவர்கள் அதன் மேல் கொண்டிருக்கும் பிடிப்புக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தனியாக அறையில் வாசிக்கும்போது சுமாராகத் தெரியும் ஃப்ளாட், டிரம்மர் வந்து உட்கார்ந்தவுடன் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். எனவே தனியாக வாசித்துப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

ஃப்ளாட் என்றாலே பழைய காலத்து ஒலிதானே?

ஃப்ளாட் பழையது என்பது வரலாற்றின்படி சரி. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தது. அந்தப் பத்தாண்டில் எலக்ட்ரிக் பேஸ் வாசித்தவர்கள் பெரும்பாலும் டபுள் பேஸ் மரபிலிருந்து வந்த வழவழப்பான ஸ்ட்ரிங்கைத்தான் மாட்டினார்கள். 1960-களின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன், ஸ்டாக்ஸ் நிறுவனப் பதிவுகளில் டக் டன், லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் கேரல் கே, ஹாஃப்னர் பேஸோடு பால் மெக்கார்ட்னி என்று அந்தக் காலத்தின் பெரிய கைகளெல்லாம் ஃப்ளாட்டில்தான் வாசித்தன.

ஜேமர்சனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ், அதில் லா பெல்லா நிறுவனத்தின் கனமான ஃப்ளாட், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று. ஸ்ட்ரிங் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அந்த ஸ்ட்ரிங்கில் அவர் வாசித்த வரிகளைக் கேளுங்கள்: ஒரு துடிப்பை நான்காகப் பிரிக்கும் வேகச் சுரங்கள், அரைச் சுரம் அரைச் சுரமாக நகரும் எதிர்பாராத குரோமாட்டிக் நகர்வுகள், திறந்த ஸ்ட்ரிங்கைத் தொட்டுத் தாவும் இடங்கள். இவ்வளவு நெருக்கமான வரிகள் பாடகரின் குரலை ஒருபோதும் மறைக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் தன் வேலையை முடித்துக்கொண்டு வழிவிடுகிறது. அதில் கைக்கு எவ்வளவு பங்கோ, ஸ்ட்ரிங்குக்கும் அதற்கு அருகில் ஒரு பங்கு உண்டு.

பழைய ஒலி மட்டும்தான் வரும் என்பது தவறு. ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் ஃப்ளாட் வாசிப்பவர். ஸ்ட்ரிங் நிறுவனமான ரோட்டோசவுண்ட் அவர் பெயரிலேயே 50–110 அளவில் (மிக மெல்லிய, மிகத் தடித்த ஸ்ட்ரிங்குகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஒரு ஃப்ளாட் செட் வெளியிடுகிறது. அவருடைய ஒலியை யாரும் மந்தம் என்று சொல்லமாட்டார்கள். விரலின் வேகம், ஃப்ரெட்டில் மோதும் அளவுக்கு வலுவான மீட்டல், ஆம்ப்பில் உயர்த்திய மேல்-நடு அலைவரிசை எல்லாம் சேர்ந்து அந்தக் குதிரைக் குளம்பொலி வருகிறது.

அப்படியானால் ரவுண்ட் எப்போது வந்து இடத்தைப் பிடித்தது?

திருப்புமுனை 1966. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், தன் பேஸ் பியானோவின் கீழ்ச் சுரங்களைப்போல் முழங்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். ரோட்டோசவுண்ட் நிறுவனர் ஜேம்ஸ் ஹௌவுடன் சேர்ந்து வேலை செய்ததில் உருவானது ஸ்விங் பேஸ் 66 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட் செட். இரைச்சலான கிட்டார்களுக்கு நடுவே பேஸ் தனியாகக் கேட்கத் தொடங்கியது. பிறகு கட்டைவிரலால் அடித்தும் விரலால் இழுத்தும் வாசிக்கும் ஸ்லாப் நடையும் ஃபங்க் இசையும் பரவியபோது ரவுண்ட் இயல்பான தேர்வாகிவிட்டது. இன்று புதிதாக வாங்கும் பேஸ்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ரவுண்ட்தான் மாட்டியிருக்கும்.

ஃப்ளாட் என்றால் இறுக்கம் அதிகம் என்கிறார்களே?

பல நேரம் உண்மை, எப்போதும் இல்லை. இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன, பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிதாகும்.

முதலாவது இழுவிசை. ஸ்கேல் நீளமும் (ஸ்ட்ரிங்கின் அதிரும் பகுதியின் நீளம்) சுருதியும் மாறாதவரை இழுவிசையை முடிவு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஸ்ட்ரிங்கின் ஒவ்வோர் அங்குலமும் எவ்வளவு எடை. ரவுண்டில் உருண்டைக் கம்பிகளுக்கு இடையே காற்று இடைவெளி உண்டு. ஃப்ளாட்டில் அந்த இடம் உலோகத்தால் நிரம்பியிருக்கிறது. எனவே ஒரே கேஜில் (தடிமனில்) ஃப்ளாட் பொதுவாக எடை கூடுதல், அதனால் இழுவிசையும் கூடுதல். 45–105 ரவுண்ட் செட் ஒன்று 34 அங்குல ஸ்கேலில் நெக்கை மொத்தமாக ஏறக்குறைய 75 முதல் 85 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். 52–110 போன்ற கனமான ஃப்ளாட் செட் அதைத் தாண்டிவிடும்.

இரண்டாவது விறைப்பு. ஒரே இழுவிசையில் இருக்கும் இரண்டு ஸ்ட்ரிங்குகளில் ஒன்று கைக்கு இளகலாகவும் மற்றது கம்பிபோலவும் தெரியலாம். உள்கம்பி தடிமனாக இருந்தால் விறைப்பு கூடும். உள்கம்பி அறுகோணமா உருண்டையா என்பதும் இதில் சேரும். உருண்டை உள்கம்பி பொதுவாகக் கொஞ்சம் நெகிழ்வு. கேஜ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியவே வராது.

ஆகவே "எனக்கு ஃப்ளாட் கை வலிக்கிறது" என்று சொல்பவர் ஃப்ளாட்டையே கைவிட வேண்டியதில்லை. தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட் போன்றவை இளகலுக்காகவே பெயர் பெற்றவை. அந்த 43–100 செட்டை மாட்டினால் வழக்கமான ரவுண்டைவிடத் தளர்வாக இருக்கும். வலது கையால் ஓங்கி அடிப்பவர்களுக்கு அது அதிகத் தளர்வு, ஃப்ரெட்டில் சலசலக்கும். தயாரிப்பாளர்கள் பலர் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் இழுவிசை எண்ணை வெளியிடுகிறார்கள். வாங்கும் முன் அதை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. முழு செட்டையும் அரைச் சுரம் கீழே இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். கனமான ஃப்ளாட்டின் தடித்த ஒலியும் வேண்டும், கைக்குச் சுளுவும் வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி.

நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மோனல்: உலோகம் ஒலியை மாற்றுமா?

மாற்றும், ஆனால் சுற்றின் வடிவம் மாற்றும் அளவுக்கு இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடினமானது, பிரகாசமானது, வியர்வைக்கு ஓரளவு தாங்கும், ஃப்ரெட்டை அதிகம் தேய்க்கும். நிக்கல் பூசிய எஃகு கைக்கு மென்மை, ஒலியில் நடுவாந்தரம். ரவுண்டில் மிகப் பரவலானது இதுதான். தூய நிக்கல் இன்னும் இதமாக ஒலிக்கும். மோனல் என்பது நிக்கலும் செம்பும் கலந்தது, வறண்ட, சற்று முரட்டு நடு ஒலி தரும். நிக்கலால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். அவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ நைலான் சுற்றிய டேப்வவுண்டையோ முயலலாம்.

அகௌஸ்டிக் பேஸுக்கு வரும் பாஸ்பர் பிரான்ஸ் ஸ்ட்ரிங்கை எலக்ட்ரிக் பேஸில் மாட்டாதீர்கள். பிரான்ஸுக்குக் காந்தத் தன்மை இல்லை. பிக்கப் உள்கம்பியை மட்டுமே உணரும், ஒலி மெலிந்துவிடும்.

ஹாஃப்ரவுண்ட் என்பது இரண்டுக்கும் நடுவில் நல்ல சமரசமா?

உருண்டைக் கம்பியால் சுற்றிவிட்டு மேற்பரப்பைச் சாணை பிடித்துத் தட்டையாக்குவது ஹாஃப்ரவுண்ட். கிரவுண்ட்வவுண்ட் என்றும் சொல்வார்கள். சாணைக்குப் பதிலாக அழுத்தித் தட்டையாக்கினால் பிரஷர்வவுண்ட். விரல் சத்தம் குறையும், ஃப்ரெட் தேய்மானம் குறையும், ரவுண்டின் பிரகாசத்தில் ஒரு பகுதி தங்கும்.

இதில் என் கருத்து கொஞ்சம் கறார். ரவுண்டின் குணம் பிடித்திருக்கிறது, கீச்சொலி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஹாஃப்ரவுண்ட் பொருந்தும். ஃப்ளாட்டின் அந்தத் திரண்ட "தும்" வேண்டும் என்று ஹாஃப்ரவுண்ட் வாங்கினால் கிடைக்காது. ஃப்ளாட்டை முயல்வதற்கு முந்தைய படியாக இதை நினைக்க வேண்டாம். நேராக ஃப்ளாட்டுக்கே போங்கள்.

டேப்வவுண்ட்? நைலான் என்றால் பிக்கப் எப்படி எடுக்கும்?

உள்ளே இருப்பது உலோக ஸ்ட்ரிங்தான். அதன் மேல் நைலான் பட்டை ஒன்றைச் சுற்றியிருக்கிறார்கள், பெரும்பாலும் கறுப்பு நிறத்தில். காந்தப் பிக்கப்புக்கு உள்ளிருக்கும் உலோகம் போதும்.

பார்க்க மிகத் தடிமனாக இருக்கும். ஈ ஸ்ட்ரிங் 110, 115 என்றெல்லாம் வரும். ஆனால் நைலான் எடை குறைந்தது என்பதால் இழுவிசை குறைவுதான். தொட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒலி டபுள் பேஸுக்கு அருகில் போகும், குறிப்பாக ஃப்ரெட் இல்லாத பிரெட்லெஸ் பேஸிலும் அகௌஸ்டிக் பேஸிலும். மெதுவான பாடல், ஜாஸ் நடை, பிரஷ் வைத்து வாசிக்கும் டிரம் ஆகியவற்றோடு அழகாகச் சேரும். இரைச்சலான குழுவில் காணாமல் போய்விடும்.

மாட்டும் முன் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் கட்டை) பள்ளத்தைப் பாருங்கள். அகலம் போதாமல் ஸ்ட்ரிங் மேலேயே உட்கார்ந்துவிட்டால் முதல் ஃப்ரெட்டுகளில் சுருதி கூடிப் போகும். பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், அதைத் திரும்பச் சிறியதாக்க முடியாது. பிடிக்குமா என்று பார்க்க ஒருமுறை மாட்டுகிறவர்கள் தங்கள் முதன்மை பேஸில் அதைச் செய்ய வேண்டாம்.

கோட்டட் ஸ்ட்ரிங்?

மெல்லிய பாலிமர் பூச்சு கொண்ட ரவுண்ட். வியர்வையும் அழுக்கும் சுற்றுக்குள் இறங்காததால் புதுசின் பிரகாசம் பல மாதம் தங்கும். கை வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு விலை கூடினாலும் கணக்கு சரியாக வரும். தொடு உணர்வு சற்று வழுக்கலாக இருக்கும், பூச்சு நாளடைவில் உரியும்.

ரவுண்டிலேயே டோன் நாப்பைக் குறைத்தால் ஃப்ளாட் ஒலி வந்துவிடாதா?

பக்கத்தில் வரும், அதே இடத்துக்கு வராது. டோன் நாப் ஒரு சுரத்தின் மேல் அலைவரிசைகளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவில் வெட்டுகிறது. ஃப்ளாட்டில் அவை தொடக்கத்தில் இருந்து, பிறகு கரைகின்றன. அந்த மாற்றம்தான் ஃப்ளாட்டின் உருவம். டோன் குறைத்த ரவுண்டில் கார்வை நீளமாகவே இருக்கும். பிரிட்ஜுக்கு அருகில் ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் செருகி, டோனையும் பாதியாக்கினால் இன்னும் நெருங்கலாம். பழைய பிரிசிஷன் பேஸின் பிரிட்ஜ் மூடிக்குள் இதே வேலைக்காக ஒரு மியூட் வைத்திருந்தார்கள்.

எதிர்த் திசையில் வழியே இல்லை. ஃப்ளாட்டில் இல்லாத மேல் சுரங்களை ஈக்யூவால் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உண்டாக்க முடியாது. எல்லா வகைப் பாடலுக்கும் ஒரே பேஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் ரவுண்டில் இருப்பதற்கு இது நியாயமான காரணம்.

ஃப்ளாட்டில் ஸ்லாப் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். கட்டைவிரல் அடி கனமாக விழும், இழுப்பில் வரும் அந்த வெடிப்பு மட்டும் பாதியாகிவிடும். ஸ்லாப்தான் உங்கள் முதன்மை நடை என்றால் ரவுண்ட்.

ஃப்ளாட்டில் பதிவு செய்தது போன் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை. என்ன செய்வது?

இது ஃப்ளாட்டின் உண்மையான பலவீனம், நேராகப் பேச வேண்டியது.

திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அதிர்வு 41.2 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அதை ஒலிக்கவே முடியாது. அதன் இரண்டு மடங்கான 82-ஐயும் முடியாது. ஆனாலும் சிறிய ஸ்பீக்கரில் பேஸ் வரி நமக்குக் கேட்கிறது. காரணம், மேலே உள்ள மடங்குச் சுரங்கள் போதுமான அளவில் வந்தால் இல்லாத அடிச்சுரத்தை நம் செவியும் மூளையும் சேர்ந்து ஊகித்துக்கொள்கின்றன. ரவுண்டில் அந்த மேல் மடங்குகள் தாராளம். ஃப்ளாட்டில் குறைவு. அதனால் பெரிய ஸ்பீக்கரில் நெஞ்சில் அடிக்கும் ஃப்ளாட், போனில் ஆவியாகிவிடுகிறது.

தீர்வு அடி அலைவரிசையை ஏற்றுவதில் இல்லை. அதைச் செய்தால் பெரிய ஸ்பீக்கரில் குழம்பிப் போகும். 700 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கொஞ்சம் உயர்த்துங்கள். அதோடு மிக இலேசான ஓவர்டிரைவ் (ஒலியைச் சற்றுச் சிதைக்கும் விளைவு) சேருங்கள். தனியாகக் கேட்டால் தெரியும், முழுப் பாடலில் தெரியாது என்ற அளவு போதும். ஓவர்டிரைவ் புதிய மடங்குச் சுரங்களை உண்டாக்கும் என்பதால் ஈக்யூவால் முடியாததை அது செய்துவிடும். வாசிப்பிலும் வழி உண்டு: பிரிட்ஜை ஒட்டி மீட்டுங்கள், அல்லது பிக் (மீட்டும் வில்லை) எடுங்கள். பிக்கும் ஃப்ளாட்டும் சேர்ந்தால் வரும் ஒலி தனிச் சுவை. கேரல் கேயின் பதிவுகளில் கேட்கும் தெளிவு அந்தச் சேர்க்கையில் பிறந்ததுதான். ஸ்ட்ரிங்குகள் மேல் ஃபெல்ட் துண்டு வைத்துக் கார்வையையும் அவர் அடக்கிக்கொள்வார்.

பிரெட்லெஸ் பேஸுக்கு எது?

ரவுண்ட் மரத்தில் கோடு போடும், அதைத் தவிர்க்க முடியாது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஸ்விங் பேஸ் 66 ரவுண்டைத்தான் பிரெட்லெஸில் மாட்டினார். விரல்பலகையைக் காப்பதற்காக அதன் மேல் எபாக்ஸி பூசியிருந்தார். அந்த "ம்வா" என்று பாடும் ஒலியில் ரவுண்டின் மேல் சுரங்களுக்கும் எபாக்ஸியின் கடினத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் விரல்பலகை பூச்சில்லாத ரோஸ்வுட் என்றால் ஃப்ளாட் அல்லது டேப்வவுண்ட் பாதுகாப்பு. கருங்காலி கொஞ்சம் தாங்கும். பாடும் ஒலியும் வேண்டும், மரமும் பிழைக்க வேண்டும் என்றால் ஹாஃப்ரவுண்டுக்கு உண்மையிலேயே பொருத்தமான இடம் இதுதான்.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் ஃப்ளாட் எப்படி?

மேல் நான்கும் அருமை. கீழ் பி ஸ்ட்ரிங்தான் சிக்கல். அதன் சுருதி 30.9 ஹெர்ட்ஸ். அதற்குத் தேவையான எடையை ஃப்ளாட்டில் கட்டும்போது தடிமனும் விறைப்பும் ஏறி, சுரம் தெளிவிழக்கிறது. 35 அங்குல ஸ்கேல் உதவும். வாங்கும் முன் அந்த செட்டின் பி ஸ்ட்ரிங்கைப் பற்றி வாசித்தவர் யாரிடமாவது கேளுங்கள், செட்டுக்கு செட் வேறுபாடு மிகப் பெரியது.

ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு லாங் ஸ்கேல் ஃப்ளாட்டை வெட்டிப் போடலாமா?

வேண்டாம். முழுச் சுற்று உள்ள தடித்த பகுதி ட்யூனர் தண்டில் வளையும்போது பட்டை பிளந்துகொள்ளும். ஷார்ட் ஸ்கேலுக்கென்றே செய்த செட் வாங்குங்கள். இன்னொரு கணக்கும் உண்டு: அதே ஸ்ட்ரிங் 34 அங்குலத்திலிருந்து 30 அங்குலத்துக்கு வந்தால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். லாங் ஸ்கேலில் கடினமாகத் தெரிந்த ஃப்ளாட்டின் ஷார்ட் ஸ்கேல் வடிவம் இதமாக இருக்க இதுவே காரணம்.

எத்தனை நாள் தாங்கும்?

ரவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் தோல் துகளும் அடையும். தினமும் வாசித்தால் சில வாரங்களில் பளபளப்பு போய்விடும். பிறகும் ஒலிக்கும், ஆனால் வேறு ஸ்ட்ரிங்காக. ஃப்ளாட்டில் அழுக்கு போய்ச் சேர இடம் குறைவு. ஆண்டுக்கணக்கில் மாட்டியே வைத்திருப்பவர்கள் பலர். அது சோம்பேறித்தனம் இல்லை. பழகிய ஃப்ளாட்டின் ஒலியைத்தான் அவர்கள் தேடிப்போனார்கள்.

புது ஃப்ளாட்டை முதல் நாளே தீர்ப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான். மாட்டியவுடன் ஒரு தகர விளிம்பு இருக்கும், மேற்பரப்பு விரலைப் பிடிக்கும். சில வாரம் வாசித்த பிறகு இரண்டும் அடங்கும்.

இருந்தாலும் ஃப்ளாட்டுக்கும் முடிவு உண்டு. 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் எவ்வளவு சரிசெய்தும் ஒத்துவராமல் போவது, ஃப்ரெட் படும் இடங்களில் அடிப்பக்கம் தழும்பு விழுவது, ஒரு ஸ்ட்ரிங் மட்டும் மற்றவற்றைவிட ஊமையாவது ஆகியவை அடையாளங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது இரண்டு வகைக்கும் ஆயுள் கூட்டும்.

பழைய ரவுண்டைக் கொதிக்க வைத்தால் புதிதாகுமா?

சில நாட்களுக்கு. சுற்றுக்குள் அடைந்த அழுக்கு வெளியேறுவதால் பிரகாசம் திரும்பும். ஈரம் உள்ளே தங்கினால் துரு பிடிக்கும், எனவே நன்றாக உலர்த்த வேண்டும். ஆல்கஹாலில் ஊறவைப்பது அதைவிட நல்லது. ஃப்ளாட்டுக்கு இது தேவையில்லை. நைலான் டேப்வவுண்டுக்குக் கூடவே கூடாது.

ரவுண்டிலிருந்து ஃப்ளாட்டுக்கு மாறும்போது செட்டப் செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். இழுவிசை கூடினால் நெக் முன்னோக்கி வளையும், ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) உயரும், வாசிக்கக் கனமாகும். ஃப்ளாட் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவர்களில் பலர் உண்மையில் ஒதுக்கியது செட்டப் செய்யாத பேஸை.

வரிசை முக்கியம். முதலில் சுருதி சேர்த்து ஒரு நாள் விடுங்கள். பிறகு நெக்கின் வளைவைப் பாருங்கள்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் 7, 8-ஆம் ஃப்ரெட் அருகில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் இருக்கும், வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுற்று முடுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ஒரே மூச்சில் அதிகம் திருப்பாதீர்கள், முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வளைவு சரியான பின்பே சேடிலின் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் தங்கும் துண்டு) உயரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி ஒத்துவரும்படி சரிசெய்வது).

மாட்டும்போது ஸ்ட்ரிங்கைக் கெடுத்துவிடாமல் இருக்க?

ஃப்ளாட் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று. தலைப்பக்கம் நிற நூல் சுற்றிய பகுதி நட்டைத் தாண்டியே தொடங்க வேண்டும். நூல் பகுதி நட்டுக்குள் வந்துவிட்டால் செட் உங்கள் பேஸுக்குக் குட்டை. உடலுக்குப் பின்னாலிருந்து ஸ்ட்ரிங் கோக்கும் பேஸ்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். அந்தக் கூர்மையான வளைவையும் ஃப்ளாட் விரும்பாது. பிரிட்ஜ் வழியாகக் கோக்க வழியிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

நீளத்தை வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பு செங்குத்தாக மடியுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவித் தளரும். உருண்டை உள்கம்பி ஸ்ட்ரிங்கில் இது கட்டாயம். மடித்த முனையைத் தண்டின் நடுத்துளையில் இறக்கி, கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்று போதும். சுற்றும்போது ஸ்ட்ரிங் முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கிய ஸ்ட்ரிங் ஒழுங்காக அதிராது, இன்டோனேஷனும் நிற்காது. கடைசியாக நட்டுக்கும் சேடிலுக்கும் பக்கத்தில் விரலால் இலேசாக அழுத்தி, வளைவு அங்கே படியும்படி செய்யுங்கள்.

ஈ, ஏ-க்கு ஃப்ளாட், டி, ஜி-க்கு ரவுண்ட் என்று கலந்து போடலாமா?

தடையில்லை. ஆனால் ஏ-யிலிருந்து டி-க்குத் தாண்டும்போது ஆளே மாறியதுபோல் கேட்கும். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இப்போதுதான் பேஸ் கற்கத் தொடங்குகிறேன். எதில் ஆரம்பிப்பது?

45–100 அளவில் நிக்கல் பூசிய ரவுண்ட். இழுவிசை நடுத்தரம், எங்கும் கிடைக்கும், எல்லா நடைக்கும் ஓரளவு பொருந்தும். இன்னொரு நன்மையும் உண்டு: ரவுண்ட் எதையும் மறைக்காது. தேவையில்லாத ஸ்ட்ரிங் அதிர்ந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். இரு கைகளாலும் ஒலியடக்கும் பழக்கம் அதில் சீக்கிரம் வரும். பழைய சோல், ஆர் அண்ட் பி இசைதான் உங்களை பேஸ் பக்கம் இழுத்தது என்றால் இந்தப் பதிலை மறந்துவிட்டு, இளகலான ஃப்ளாட்டிலேயே தொடங்குங்கள். நெஞ்சில் இருக்கும் ஒலி கையில் வந்தால் தினமும் எடுத்து வாசிப்பீர்கள்.

கழற்றிய ஃப்ளாட்டைத் திரும்ப மாட்டலாமா?

மாட்டலாம், கவனமாகக் கழற்றியிருந்தால். முழுதாகத் தளர்த்தி, தண்டில் விழுந்த சுருள் வடிவத்தை நிமிர்த்தாமல் அப்படியே எடுங்கள். பெரிய வளையமாகச் சுற்றி, எந்த ஸ்ட்ரிங் எது என்று எழுதி வையுங்கள். அதே பேஸில் அதே இடத்தில் மாட்டினால் நன்றாகவே ஒலிக்கும். ட்யூனர் அமைப்பு வேறான பேஸில் மாட்டப் பார்த்தால், பழைய மடிப்பு புதிய இடத்தில் நிமிர்ந்து மடிந்து அங்கேயே அறும்.